ஆறு ஜேம்ஸ் டெம்ப்ஸ்டர்களும் ஒரு வாத்தும்

போர்ட்கார்வி, ஸ்காட்லாந்து,
ஜூன் மாதம், செவ்வாய்க்கிழமை, மழை.

படிப்பும் பணமும் பவிசும் நிறைந்த தம்பி கார்டனுக்கு, உன்னைத் தூக்கி வளர்த்த அக்கா எல்ஸ்பெத் எழுதுவது.

இங்கே என் இடது முழங்காலைத் தவிர மற்ற எல்லாரும் சௌக்கியம். அங்கே கனடாவில் நீயும் உன் மனைவி லோயிஸும் நல்ல திடகாத்திரமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். ஏனென்றால் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்க உடம்பில் தெம்பு வேண்டும். உட்கார்ந்துகொண்டு படி. லோயிஸ் கடைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துப் படித்தால் உனக்கு இன்னும் நல்லது.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ இந்த ஊருக்குத் தானமாகக் கொடுத்த கருங்கல் எங்களுக்கு வேண்டாம். திருப்பி அனுப்பப் போகிறோம். உன் வீட்டுத் தோட்டத்தில் நட்டு, அதைச் சுற்றி ரோஜா வைத்துக்கொள். ஆகஸ்டில் கல்லைத் திறந்துவைக்க வருகிறேன் என்றாயே, அதுவும் வேண்டாம். டிக்கெட்டை ரத்து செய்துவிடு. இது என் கோபம் மட்டும் இல்லை, ஊரே கூடி எடுத்த முடிவு. ஏன் என்று கேட்பாய். கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்.

துறைமுகச் சுவரில் இருந்த மரப்பலகை உனக்கு மறந்திருக்காது. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்ப்பலகை. அது உளுத்துப்போய், போன குளிர்காலப் புயலில் பாதி பெயர்ந்து விழுந்தது. அதை நான் உனக்கு எழுதினேன் பார், அதுதான் என் புத்தி செய்த வேலை. நீ உடனே பதில் போட்டாய். புதிதாகக் கருங்கல்லே நான் தருகிறேன், ஆனால் மூன்று நிபந்தனை என்றாய். கல்லில் முழுப்பெயர் மட்டும்தான் இருக்க வேண்டும், பட்டப்பெயர் ஒன்றுகூடக் கூடாது. மேலே பொன்னெழுத்தில் டெம்ப்ஸ்டர் என்ற குலப்பெயரின் பூர்வ வரலாறு வர வேண்டும். உலகத்தில் உள்ள டெம்ப்ஸ்டர்களை எல்லாம் கூட்டி நீ திறந்துவைக்க வேண்டும். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று ஊர்க் கமிட்டியும் சரி என்று சொல்லிவிட்டது. கொடுத்தவனே பல் டாக்டராக இருக்கும்போது நாங்கள் பல்லைப் பார்த்திருக்க வேண்டும்.

நீ லோயிஸிடம் நம் குடும்பத்துக்குப் பட்டப்பெயரே கிடையாது என்று சொல்லி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதனால் உனக்கே ஒருமுறை நினைவுபடுத்துகிறேன். இந்த ஊரில் கல்லை விட்டெறிந்தால் அது ஒரு டெம்ப்ஸ்டர் மேல் விழும். துள்ளி எழுந்து இன்னொரு டெம்ப்ஸ்டர் மேல் விழும். போதாததற்கு மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்றவரின் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று ஒரு வழக்கம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஜேம்ஸ், ஒரு வில்லியம், ஒரு எல்ஸ்பெத். பட்டப்பெயர் இல்லாவிட்டால் யாருடைய மருந்தை யார் குடிப்பது? கஞ்சி, பூட்ஸ், புழு, பிஷப், வாத்து என்று அவரவர் வீட்டுப் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது, வங்கியில் இருக்கிறது, டாக்டர் கொடுக்கும் புட்டியில்கூட இருக்கிறது. நான் ஒரு டெம்ப்ஸ்டருக்குப் பிறந்து இன்னொரு டெம்ப்ஸ்டரைக் கட்டிக்கொண்டவள். கட்டியவர் வீட்டுப் பெயர் தீக்குச்சி. ஆனாலும் நான் அன்றும் வாத்து, இன்றும் வாத்து. நீயும்தான்.

சரி, நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஏப்ரலில் நீ ஒரு பெட்டி நிறையக் கட்டம் போட்ட கழுத்துத் துணிகள் அனுப்பினாய். நம் குலத்துக்கே உரிய கட்டமாம். எந்தக் கடைக்காரன் உன் தலையில் கட்டினானோ! அப்பா வாழ்நாளில் கழுத்தில் கட்டியது மீன்நாற்றம் அடிக்கிற நீலக் கைக்குட்டை ஒன்றுதான். அதுகூடப் போகட்டும். பெட்டியின்மேல் ‘திருமதி எ. டெம்ப்ஸ்டர், போர்ட்கார்வி’ என்று மட்டும் எழுதினாயே, வாத்து என்று ஒரு வார்த்தை சேர்த்தால் உன் பேனா மை தீர்ந்தா போய்விடும்? பழைய தபால்காரர் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது இருப்பவன் டண்டீயிலிருந்து வந்த பயல், பாவம். முதலில் பார்த்த எ. டெம்ப்ஸ்டர் வீட்டில் கொடுத்தான். அது எஃபி பூட்ஸ். அவள் பிரித்துப் பார்த்தாள், தனக்குத்தான் என்று நான்கை எடுத்துக்கொண்டாள், பிறகு சந்தேகம் வந்து, இங்கிலீஷ் எழுத்தில் அவளும் எ. தானே என்று யூனிஸ் பிஷப் வீட்டுக்கு அனுப்பினாள். அவளும் எடுத்துக்கொண்டாள். இப்படியே எடித், எமிலி, எலன் என்று ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து அக்கம்பக்கத்துக்கும் கொடுத்து, பெட்டி ஊர்வலம் போய், கடைசியில் என் வீட்டு வாசலுக்கு வரும்போது உள்ளே சுங்கச் சீட்டும் கொஞ்சம் வைக்கோலும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகிறேன், முன் வரிசை முழுக்க நம் குலக் கட்டம்! நம் குலத்தில் என் கழுத்து மட்டும்தான் வெறுங்கழுத்து. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெஸ்ஸி கஞ்சி சும்மா இருப்பாளா?

“ஏன் எல்ஸ்பெத், உன் தம்பி ஊருக்கே துணி அனுப்பியிருக்கான், உனக்கு மட்டும் அனுப்பலையா? என்ன சண்டை ரெண்டு பேருக்கும்?”

“பாட்டுப் புத்தகத்தைப் பாருடி” என்றேன். வேறு என்ன சொல்ல?

அடுத்தது உன் பூர்வ வரலாறு. டெம்ப்ஸ்டர் என்றால் பரம்பரை நீதிபதி, நம் முன்னோர் அரசருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நியாயம் சொன்னவர்கள் என்று நாலு பக்கம் எழுதி அனுப்பினாய். அதை நான் பத்திரமாக அலமாரியில் வைத்தேனா, வைத்தேன். நீ அதோடு நின்றாயா? ‘இதைப் படித்தவர்கள் வாயால் ஊர் கேட்கட்டும்’ என்று அபர்டீனிலிருந்து டாக்டர் அபர்னெதி அம்மாளை வரவழைத்தாய். மருத்துவ டாக்டர் இல்லை, பழைய பெயர்களை ஆராய்கிற டாக்டர். அது தெரியாமல் புழு வீட்டு வாட்டி தன் இடுப்பு வலியைச் சொல்ல முன் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தான். ஊர் மன்றத்தில் நிற்க இடமில்லை. அந்த அம்மாளும் நல்லவள்தான், பொய் சொல்லத் தெரியவில்லை.

அவள் சொன்னது இதுதான். பழைய காலத்தில் ஸ்காட்லாந்து நீதிமன்றங்களில் தீர்ப்பை முடிவு செய்கிறவர் நீதிபதி. அதைச் சபை நடுவே உரக்கச் சொல்கிறவன் டெம்ப்ஸ்டர். ‘இதுவே உன் விதி’ என்று கத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. அந்தப் பதவியைப் பரம்பரையாக வைத்திருந்த நிலக்காரக் குடும்பம் ஒன்று உண்டாம். அவர்கள் நிலத்தில் உழுதவர்களும் அவர்கள் வீட்டில் பாத்திரம் கழுவியவர்களும்கூட அதே பெயரை எடுத்துக்கொண்டிருக்கலாமாம். கடற்கரைப் பக்கம் வந்தவர்கள் அநேகமாக அந்தப் பாத்திரம் கழுவிய கூட்டமாக இருக்கலாமாம். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. பிற்காலத்தில் இந்த வேலைக்கு ஆள் கிடைக்காமல், தூக்குப் போடுகிறவனையே கூப்பிட்டுத் தீர்ப்பையும் சொல்ல வைத்தார்களாம்.

உடனே பின் வரிசையிலிருந்து ஜெஸ்ஸியின் குரல் வந்தது.

“அப்போ நாம தூக்குப் போடுறவன் பரம்பரையா?”

“நாம இல்ல, நீங்க. எங்க வீட்டுக்காரங்களுக்கு முடிச்சுப் போடவே வராது” என்றான் வாட்டி.

“உங்க வீட்டுக்காரங்களுக்கு எதுதான் வந்தது?”

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. கஞ்சி வீட்டார் பூட்ஸ் வீட்டாரைக் காட்டினார்கள். பூட்ஸ் வீட்டார் பிஷப் வீட்டாரைக் காட்டினார்கள். எல்லாரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள், ஏனென்றால் அந்த அம்மாளை வரவழைத்தது என் தம்பி. நம் புதுப் பாதிரியார் மிஸ் லெக்கி, கிளாஸ்கோப் பெண், சின்ன வயசு, எழுந்து கடிகாரத்தைப் பார்த்து, ஜெபம் சொல்லிக் கூட்டத்தை முடித்தாள். அன்றிலிருந்து அவளுக்கு ஊர் வைத்த பெயர் கடிகாரம். அவளுக்கு இன்னும் தெரியாது. அவளையும் நம் ஊர்க்காரியாகச் சேர்த்துக்கொண்டார்கள் என்று அர்த்தம், அதுவரை சந்தோஷம்.

அதற்குப் பிறகு வந்தது உன் அச்சடித்த சிறு புத்தகம். உலகம் முழுக்க நம் பெயர் எப்படியெல்லாம் விளங்குகிறது என்று நீ திரட்டிய பெருமைகள். கனடாவின் வடகோடியில் கரடிகள் உலாவும் ஒரு நெடுஞ்சாலைக்கு நம் பெயராம். அங்கே ரொட்டிப் பொட்டலத்தின்மேல் நம் பெயராம். இதுவரை சரி, சாலையும் ரொட்டியும் கௌரவமான விஷயம்தான். ஏழாம் பக்கத்தில் என்ன போட்டாய்? அமெரிக்காவில் லாரி வந்து தூக்கிக் கவிழ்க்கிற பெரிய இரும்புக் குப்பைத்தொட்டியைக் கண்டுபிடித்தவர் ஒரு டெம்ப்ஸ்டர், அந்த நாடு முழுக்க அந்தத் தொட்டிக்கு வழங்கும் பெயரே நம் பெயரை ஒட்டி வைத்ததுதான் என்று, படத்தோடு! உன் மனத்தில் அது பெருமை. இங்கே என்ன ஆயிற்று தெரியுமா? புதன்கிழமை தோறும் குப்பை எடுக்க வருகிறவன் மான்ட்ரோஸ்காரன், நம் ஆள் இல்லை. தெருமுனையில் நின்று கத்துகிறான்.

“டெம்ப்ஸ்டர்மாரே! உங்க சொந்தக்காரங்களை வாசல்ல கொண்டு வந்து வைங்க, நேரமாச்சு!”

ஊரே சிரிக்கிறது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? நானும் தொட்டியைத் தள்ளிக்கொண்டுதான் போகிறேன், வேறு வழியில்லை. ஆக, தூக்குப் போடுகிறவன், பாத்திரம் கழுவுகிறவள், குப்பைத்தொட்டி. இதுதான் நீ எங்களுக்குத் தேடிக் கொடுத்த பூர்வ வரலாறு. இதைத்தான் பொன்னெழுத்தில் வெட்ட வேண்டும் என்கிறாய்.

இவ்வளவையும் நான் பொறுத்தேன், கார்டன். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். அதற்கப்புறம்தான் போன வாரம் கல் வந்தது.

கல்வெட்டுகிற ஹேமிஷ் டங்கன் லாரியில் கொண்டுவந்து மீனுக்குப் புகைபோடும் கொட்டகையில் நிறுத்தினான். நல்ல கல்தான், பொய் சொல்ல மாட்டேன், மழையில் நனைந்தால் கடலின் நிறத்துக்கு வருகிறது. எழுத்து எப்படி வரும் என்று காட்டக் காகித மாதிரியை அதன்மேல் ஒட்டியிருந்தான். செய்தி பரவி எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு வந்தார்கள். முக்கால் கல்லில் உன் பூர்வ வரலாறு. அதற்குக் கீழே நெருக்கியடித்துக்கொண்டு பெயர்கள். வருஷம் போட இடம் இல்லை, படகின் பெயர் போட இடம் இல்லை, அகர வரிசையில் வெறும் பெயர்கள். ஜேம்ஸ் டெம்ப்ஸ்டர். அதன் கீழே ஜேம்ஸ் டெம்ப்ஸ்டர். அதன் கீழேயும் ஜேம்ஸ் டெம்ப்ஸ்டர். ஆறு பேர், ஒருவர்மேல் ஒருவராக, ஒரே அச்சில் வார்த்த மாதிரி.

ஆக்னஸ் பூட்ஸ் கிழவியைப் பேத்தி கைபிடித்துக் கூட்டிவந்திருந்தாள். அவளுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. கல்லைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

“என் வீட்டுக்காரர் எங்கம்மா இருக்கார்?”

ஹேமிஷ் தொண்டையைக் கனைத்தான். “இதோ இந்த ஆறு பேர்ல ஒருத்தர், பெரியம்மா.”

“ஆறு பேரா? எனக்கு ஒருத்தர்தானேப்பா.”

யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே நானும் நம் அப்பாவைத் தேடினேன். மேலிருந்து கீழே பார்த்தேன், கீழிருந்து மேலே பார்த்தேன். தெரியவில்லை, கார்டன். பெற்ற தகப்பன் எந்த வரியில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பையில் போட்டுக்கொண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜெஸ்ஸி கஞ்சி, அதே வாயாடி ஜெஸ்ஸி, உன் குலக் கட்டத்தைக் கழுத்திலிருந்து அவிழ்த்து எனக்கு மூக்குத் துடைக்கக் கொடுத்தாள். அந்தத் துணியால் உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான்.

அப்பா போனபோது நீ தொட்டிலில் இருந்தாய். உனக்கு அவர் முகம் தெரியாது. அவரைக் கடல் திருப்பித் தரவில்லை, அதனால் சவக்குழி கிடையாது. அம்மாவுக்கு இருந்ததெல்லாம் அந்தப் பலகைதான். ஞாயிறுதோறும் கோவில் முடிந்ததும் நேரே துறைமுகத்துக்குப் போவாள், வலது கையுறையைக் கழற்றுவாள், பெயருக்குப் பக்கத்தில் இருந்த ‘வாத்து’ என்ற எழுத்தின்மேல் கட்டைவிரலை வைப்பாள், பிறகு வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு உரிப்பாள். ஜேம்ஸ் என்ற எழுத்தை அவள் தொட்டு நான் பார்த்ததில்லை. அம்மாவுக்குப் பிறகு நான் தொட்டேன். தொட்டுத் தொட்டு அந்த இடம் மட்டும் வழவழவென்று ஆகியிருந்தது. உனக்கு நான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், அவருக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று! வாலிப வயதில் படகுக்கும் சுவருக்கும் நடுவே தவறி விழுந்தார். ஆள் போய்விட்டான் என்று எல்லாரும் அலறியபோது, தலையில் தொப்பி அப்படியே இருக்க மேலே வந்து, ‘என் புகையிலை நனைஞ்சு போச்சே’ என்றாராம். மூழ்காதவன் என்று ஊர் வைத்த பெயர் அது. மூழ்கிய பிறகும் ஊர் அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. நீ யாரடா வாங்க?

பள்ளிக்கூடத்தில் உன்னைப் பார்த்துப் பிள்ளைகள் வாத்து மாதிரி கத்தினார்கள், நீ அழுதுகொண்டு வந்தாய், எனக்கு மறக்கவில்லை. ஹெக்டர் பிஷப்பை நான் காலி மீன்கூடையில் தலைகீழாகச் செருகியதும் மறக்கவில்லை. அதற்காக அப்பா பெயரைச் சுரண்டி எடுத்துவிடுவதா?

கல் வந்த அன்று மாலையே உனக்கு டெலிபோன் செய்தேன், நினைவிருக்கிறதா? உன் பதிலை அப்படியே எழுதுகிறேன், உன் வாயால் நீ சொன்னதை நீயே படித்துப் பார்.

“அக்கா, நாலு பேர் வந்து பாக்குற கல்லு. அதுல வாத்து, புழு, கஞ்சின்னு எழுதுறது நாகரிகமே இல்ல. நான் சொன்னா சொன்னதுதான். நீ ஆகஸ்ட் வரைக்கும் பொறு, வந்து பாத்துட்டு அப்புறம் பேசு.”

வந்து பார்ப்பதாம்! நான் இங்கேயேதானடா இருக்கிறேன். வரவேண்டியவன் நீ.

ஆகவே நேற்று மறுபடி மன்றத்தில் கூடினோம். கல் வேண்டாம், நாமே ஒரு புது மரப்பலகை செய்து பட்டப்பெயரோடு எழுதுவோம் என்று எல்லாரும் கை தூக்கினார்கள். இந்த ஊரில் இப்படி ஒருமனதாக எதுவும் நடந்து நான் பார்த்ததில்லை. அந்த அதிசயம் முழுசாக ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. வாட்டி எழுந்தான்.

“பேர் போடுறதுன்னா போடுங்க. ஆனா எங்க தாத்தாவுக்குப் புழுன்னு வேணாம். சிங்கம்னு போட்டுடுங்க.”

“உங்க தாத்தா தூண்டில் புழுவைப் பாத்து மயக்கம் போட்டு விழுந்தவரு. சிங்கமாம் சிங்கம்!” என்றாள் ஜெஸ்ஸி.

“அப்போ உங்க கஞ்சி மட்டும் ரொம்ப ஒசத்தியோ?”

“கஞ்சின்னா கஞ்சிதான். எங்க வீட்டுல யாரும் அதைப் பாயசம்னு மாத்திக் கேக்கலையே!”

தனக்குத் தானே பட்டப்பெயர் வைத்துக்கொள்ள முடியாது, அது ஊர் கொடுப்பது, நல்லதோ கெட்டதோ வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று பெரியவர்கள் சொல்லி வாட்டியை உட்கார வைத்தார்கள். பிறகு மிஸ் கடிகாரம், அதாவது மிஸ் லெக்கி, மெதுவாகக் கேட்டாள்: “இதை டாக்டர் டெம்ப்ஸ்டருக்கு யார் தெரிவிக்கிறது?” எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். கொடுத்தவனிடம் வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? அப்போதும் ஜெஸ்ஸிதான் வாயைத் திறந்தாள்.

“முடிவு பண்றது ஒருத்தர், அதைச் சத்தமாச் சொல்றவன் டெம்ப்ஸ்டர். அந்த அம்மா அதைத்தானே சொல்லிட்டுப் போனாங்க? ஊர் முடிவு பண்ணிடுச்சு. எல்ஸ்பெத் சொல்லட்டும், அவ தம்பிதானே.”

ஆகவே, தம்பி, நம் பெயர் ஏற்பட்ட காலந்தொட்டு வரும் தொழிலை இன்று நான் செய்கிறேன். சபை நடுவே உரக்கச் சொல்கிறேன், கேட்டுக்கொள். கல் திரும்பி வரும். நீ வரவேண்டாம். இதுவே உன் விதி.

லோயிஸுக்கு என் அன்பு. உன் நெஞ்செரிச்சலுக்குக் காலையில் ஓட்ஸ் கஞ்சியில் உப்புப் போட்டுச் சாப்பிடு, சர்க்கரை போடாதே, அது நம் பழக்கம் இல்லை. குளிர்காலத்தில் அங்கே பனி வழுக்கும், பார்த்து நட. உன்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் காற்று உன் பக்கமே வீசட்டும், உன் கூரை ஒழுகாமல் இருக்கட்டும்.

மனம் கசந்துபோன அக்கா,
எல்ஸ்பெத்.

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் படிக்காதே. படித்துவிட்டாய் என்றால் மறந்துவிடு. கிழித்துப் போட்டிருப்பேன், நல்ல காகிதத்தில் இத்தனை பக்கம் எழுதியதை வீணாக்க மனம் வரவில்லை.

உறையை ஒட்டப் போகும்போது ஹேமிஷ் டங்கன் மழையில் நனைந்துகொண்டு வாசலில் வந்து நின்றான்.

“கல்லை லாரியில ஏத்தவா அக்கா?”

“ஏத்து.”

போகவில்லை. தொப்பியைச் சுற்றிக்கொண்டே நின்றான். “ஏத்துறேன். ஆனா அந்த வாத்தை என்ன பண்றது?”

“எந்த வாத்துடா?”

“சொல்லக் கூடாதுன்னு உங்க தம்பி சத்தியம் வாங்கியிருந்தாரு. அதை மட்டும் முன்னாடியே வெட்டிட்டேன், காகிதத்துக்கு அடியில இருக்கு.”

முழங்கால் வலியோடு கொட்டகைக்கு ஓடினேன். அவன் காகிதத்தின் ஓரத்தைக் கிழித்துக் காட்டினான். ஒரு பெயருக்குப் பக்கத்தில், கட்டைவிரல் அகலத்தில், ஒரு வாத்து. தலையில் தொப்பி போட்ட வாத்து. நீ பழைய கதையை ஒன்றுவிடாமல் கேட்டு வைத்திருக்கிறாய், திருட்டுப் பயலே!

“ஆறு ஜேம்ஸ்ல எந்த ஜேம்ஸ்னு கேட்டேன்” என்றான் ஹேமிஷ். “எங்க அக்கா கை எட்டுற உயரத்துல இருக்கிறவர் பக்கத்துல வெட்டுன்னாரு. கண்ணாடி போடாமலே, தொட்டாத் தெரியணும்னாரு.”

தொட்டேன். தெரிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. என் பின்னாலேயே ஜெஸ்ஸி வந்து பார்த்துவிட்டாள். அரை நாளைக்குள் ஊரே ஹேமிஷைச் சுற்றிக்கொண்டது. எழுத்து நாகரிகம் இல்லை என்றால் படம் நாகரிகம்தானே? ஆக்னஸ் கிழவியின் ஜேம்ஸுக்கு ஒரு ஜோடி பூட்ஸ், கஞ்சி வீட்டாருக்கு ஆவி பறக்கும் கிண்ணம், பிஷப் வீட்டாருக்கு உயரமான குல்லாய். வாட்டி கடைசிவரை சிங்கம் கேட்டான். அந்தச் சின்ன இடத்தில் சிங்கம் வெட்டினால் பூனை மாதிரித்தான் வரும் என்று ஹேமிஷ் கையை விரித்துவிட்டான், வாட்டியும் புழுவுக்கே ஒப்புக்கொண்டான். இத்தனைக்கும் இடம் வேண்டுமே? உன் பூர்வ வரலாறு இன்னும் வெட்டப்படவில்லை, நல்லவேளை. அது போகிறது. உச்சியில் டெம்ப்ஸ்டர் என்று ஒரே ஒருமுறை இருக்கும், எல்லாருக்கும் அது போதும்.

ஆகஸ்டில் வா. டிக்கெட்டை ரத்து செய்திருந்தால் மறுபடி வாங்கு. லோயிஸையும் கூட்டிவா. வரும்போது அந்தக் கழுத்துத் துணி ஒன்று எனக்கும் எடுத்து வா, ஊரில் எனக்கு மட்டும்தான் இல்லை.

தபாலில் அனுப்புவதானால் மேலே ‘வாத்து’ என்று எழுது, அப்போதுதான் வந்து சேரும். இந்த உறையின்மேல் உன் பெயரோடும் அப்படியே எழுதியிருக்கிறேன். லோயிஸ் என்ன இது என்று கேட்டால், அது உன் அப்பா பெயர் என்று சொல்.